புது அடுக்ககத்தின் மழைத்தண்ணீர் எங்கே போகும்?

வார்டு மக்கள் கூடிப் பேசுகிற ஏரியா சபைக் கூட்டத்தில் போன முறை நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். எங்கள் தெருக்கோடியில் முன்பு எருமைகள் மேய்ந்துகொண்டிருந்த பள்ளமான மனையில் அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது. அதற்காக லாரி லாரியாக மண் கொட்டி, என் இடுப்பு உயரத்துக்கு மேடாக்கிவிட்டார்கள். இத்தனை வருடமாக அந்தப் பள்ளத்தில் வந்து நின்று மெல்ல வடிந்த தண்ணீர் இனி எங்கே போகும்?

கவுன்சிலர் அம்மா அக்கறையானவர்தான், மழை நாளில் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தவர். "அது நம்ம கையில இல்லக்கா, பெரிய பில்டிங் பிளான் அப்ரூவல் எல்லாம் மேல போயிடும், எங்க டேபிளுக்கே வராது" என்றார். பக்கத்தில் இருந்த பொறியாளர், மழைநீர் வடிகாலுக்கு மதிப்பீடு போட்டிருக்கிறோம் மேடம் என்றார். நான் வடிகாலைப் பற்றிக் கேட்கவில்லை. அப்புறம் தெருவிளக்கு, குப்பை வண்டி, நாய்த் தொல்லை என்று கூட்டம் நகர்ந்துவிட்டது. அவையும் வேண்டிய விஷயங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் டேபிளுக்கே வராது என்றால், எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பதை வேறு எந்த மேசையில் யார் முடிவு செய்கிறார்கள்?

அதனால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன், தென்சென்னைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு உதவும்.

நாங்கள் இருப்பது பள்ளிக்கரணைக் கழுவெளிக்கு, அதாவது சதுப்பு நிலத்துக்கு, தண்ணீர் போகும் வழியில். வேளச்சேரி, மடிப்பாக்கம், நாராயணபுரம், கோவிலம்பாக்கம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்து ஏரிகள் ஒன்று நிரம்பி, கலங்கல் வழிந்து, அடுத்ததற்குப் போய், கடைசியில் கழுவெளியில் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பிறகு பக்கிங்காம் கால்வாய், பிறகு முட்டுக்காடு பக்கம் கடல். தென்சென்னையின் பெரும்பகுதி வடிய இருக்கிற பெரிய வழி இதுதான். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த கழுவெளி இது. 2022-ல் ராம்சர் தளமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவித்தபோது எல்லைக்குள் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர். வேளச்சேரி ஏரி 265 ஏக்கர் இருந்தது, இப்போது 55 ஏக்கர். மீதி இடத்தில் இருப்பது வீடுகளும் சாலையும். அதில் அரசே வீட்டு வசதிக்காக எடுத்துக்கொண்ட இடமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது.

சரி, அந்த மனைக்கு வருவோம். பெரிய கட்டடத்துக்குத் திட்ட அனுமதி தருவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். தாழ்வான இடம், நீர்நிலைக்குப் பக்கத்து இடம் என்றால் அதற்கு முன்பு நீர்வளத் துறையிடம் என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) வாங்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டு, எங்கள் தெரு மனைக்குத் தந்த என்.ஓ.சி.யின் நகலை வாங்கினேன். மூன்று மாதம் ஆனது. படித்தபோதுதான் விஷயம் புரிந்தது.

அதில் இருக்கிற முக்கியமான நிபந்தனையே மனையை உயர்த்து என்பதுதான்! இதுவரை வந்த அதிகபட்ச வெள்ள மட்டத்துக்கு மேலே தரை இருக்கும்படி மண் நிரப்பி நன்றாக இறுக்க வேண்டும், மனையை ஒட்டிப் போகும் வாய்க்காலின் அகலத்தைக் குறைக்கக் கூடாது, உள்ளே விழும் மழைநீரைச் சொந்தச் செலவில் வடிகால் கட்டி வெளியேற்ற வேண்டும். இப்படிப் போகிறது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயம்தான், புதிதாகக் குடிவரப் போகிறவர்கள் நனையக் கூடாது, அவர்களும் கடன் வாங்கி வீடு வாங்குகிற நம்மைப் போன்றவர்கள்தான். ஆனால் அந்தக் காகிதம் முழுக்க மனையின் நான்கு எல்லைக்குள்ளேயே நிற்கிறது. எல்லைக்கு வெளியே இருக்கிற எங்கள் தெரு, 30 வருடத்துக்கு முன்பு அன்றைய சாலை மட்டத்துக்குக் கட்டின வீடுகள், அவற்றின் வாசல்படி என்ன உயரம், ஒன்றும் அதில் இல்லை. ஒவ்வொரு மனையும் தன்னைத் தூக்கிக்கொள்கிறது. தூக்கிக்கொள்ள முடியாத வீடுகள் தொட்டியாகின்றன.

இதோடு சாலையும் சேர்ந்துகொள்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும், மில்லிங் என்கிறார்களே அது. எங்கள் தெருவில் பலமுறை மேலேயே போட்டுவிட்டார்கள். நான் குடிவந்தபோது மூன்று படி ஏறி வீட்டுக்குள் போவேன். இப்போது ஒரு படி இறங்குகிறேன்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்து அடையாறு கரை புரண்டது. எங்களுக்கு ஆற்று வெள்ளம் வரவில்லை, ஏரித்தண்ணீர்தான், அதுவே வீட்டுக்குள் நெஞ்சளவு. அதைப் பற்றி இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. மனிதர்கள் செய்த பேரிடர் என்றே சொன்னது. ஆக்கிரமிப்பு, வெள்ளப் பகுதிகளை வரையறுக்காதது, நீர்நிலைகளைக் காக்காதது எல்லாம் அதில் இருக்கிறது. அதன் பிறகு 2021 நவம்பரில் மழை, 2023-ல் மிக்ஜாம் புயல். எங்கள் பக்கத்து வீட்டு மதில் சுவரில் இந்த மூன்று வருடமும் தண்ணீர் நின்ற உயரத்துக்குப் பெயின்ட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

மிக்ஜாம் என்றதும் எனக்கு வெள்ளத்தைவிட அந்தக் குழிதான் நினைவுக்கு வரும். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி காலை, வேளச்சேரி ஃபைவ் ஃபர்லாங் சாலையில் கட்டுமானத்துக்காகத் தோண்டியிருந்த சுமார் 50 அடி ஆழப் பள்ளத்தின் கரை மழையில் சரிந்தது. பக்கத்து கேஸ் பங்கின் ஒரு பகுதியும் அதோடு உள்ளே போனது. வேலைக்கு வந்திருந்த இரண்டு பேர் இறந்துபோனார்கள். தண்ணீரை இறைத்து, சேற்றை அள்ளி, உடல்களை வெளியே எடுக்க டிசம்பர் 8 ஆகிவிட்டது. அந்த நான்கு நாளும் டி.வி.யை அணைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும் என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். நீர்ப்பிடிப்பான மண்ணில், அந்த மாதங்களில், அத்தனை ஆழத்தில் ஒரு பள்ளம் திறந்து கிடக்கலாமா, சுற்றி என்ன தடுப்பு இருக்கிறது, பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று வார்டில் யாராவது கேட்கிற ஏற்பாடு வேண்டும். வெள்ளம் வேறு, பாதுகாப்பு வேறு, கட்டட அனுமதி வேறு என்று மூன்று கோப்பாகப் பிரித்து வைத்திருக்கிறோம். மழை பெய்கிற ராத்திரியில் மூன்றும் ஒன்றாகத்தான் வருகின்றன. தண்ணீருக்குள் நிற்கிற இ.பி. பாக்ஸ், மூடி அடித்துக்கொண்டு போன வடிகால் குழி, இருட்டு, ஆம்புலன்ஸ் நுழைய முடியாத தெரு.

பெரும்பாக்கத்தை நினைத்தால் இன்னும் வேதனை. அடையாறு, கூவம் கரையில் இருந்த குடும்பங்களை வெள்ள ஆபத்து என்று சொல்லி 2015-க்குப் பிறகு அங்கே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த இடமும் கழுவெளியின் ஓரம்தான், அங்கேயும் மழைக்குத் தண்ணீர் சூழ்கிறது. வேலை, பள்ளிக்கூடம், சொந்தபந்தம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களை மறுபடி தண்ணீரிலேயே உட்கார வைத்திருக்கிறோம். அந்தக் கட்டடங்கள் எழும்புவதற்கு முன்னால், இங்கே தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்.

கேட்பதற்கான இடம் இப்போது சட்டத்தில் இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. வார்டு குழு, ஏரியா சபை இரண்டுக்கும் 2010-லேயே சட்டத்தில் இடம் வந்துவிட்டது, விதிகள் வந்தது 2022-ல். முதல் ஏரியா சபைகள் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடந்தன, பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சரே வந்தார். சென்னை மாநகராட்சியில் மட்டும் 200 வார்டு. ஒவ்வொன்றிலும் இந்தக் கூட்டம் ஒழுங்காக நடந்து, அந்த வார்டில் வரப்போகிற பெரிய கட்டடங்களின் விவரத்தை மேசையில் வைத்தால் போதும், பாதி வேலை அங்கேயே நடந்துவிடும். கவுன்சிலருக்கு அனுமதியை நிறுத்துகிற அதிகாரம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்மானம் போட்டு எழுதி அனுப்பலாம். நிபந்தனையில் சொன்னபடி வடிகால் கட்டியாயிற்றா என்று அதிகாரியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கலாம். பணி நிறைவுச் சான்று தருவதற்கு முன்னால் ஒரு மழையில் வந்து பாருங்கள் என்று வற்புறுத்தலாம்.

இது எல்லாவற்றுக்கும் நீதிமன்றம் போய்க்கொண்டிருக்க முடியாது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, பள்ளிக்கரணை ராம்சர் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கி.மீ. வரையிலும், கழுவெளியின் தாக்கப் பகுதி எது என்று ஆய்வு செய்து முடிக்கும்வரை புது அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. பெரிய விஷயம், மனதார வரவேற்கிறேன். அதே சமயம், அந்த வட்டத்துக்குள் சின்னதாய் ஒரு மனை வாங்கி மாடி எடுக்கக் காத்திருந்த குடும்பங்களும் அப்படியே நின்றுபோனார்கள், என் தங்கை வீடு உட்பட. வருடக்கணக்காக ஒவ்வொரு அனுமதியாகக் கேள்வி கேட்டிருந்தால் இப்படி ஒட்டுமொத்தமாக நிறுத்த வேண்டிய நிலை வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எங்கள் தெருவில் 80 வயதைத் தாண்டிய தாத்தா ஒருவர் இருக்கிறார், இங்கே விவசாயம் செய்தவர். என்.ஓ.சி. நகலை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். வரைபடத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு வாய்க்காதான் போட்ருக்கான் தாயி, நடுவுல இன்னொன்னு போவும், மதகுத் தண்ணி அதுலதான் எங்க வயலுக்கு வரும்" என்றார். அரசின் இணையதளத்தில் பட்டா பார்க்கிற இடத்திலேயே புலப்படமும் (நில அளவை வரைபடம்) 'அ' பதிவேடும் (எந்த நிலம் என்ன வகை என்ற பதிவு) கிடைக்கும், சர்வே எண் தெரிந்தால் போதும். பார்த்தேன். தாத்தா சொன்ன இடத்தில் குறுகலாக ஒரு துண்டு, வாய்க்கால் புறம்போக்கு என்றே பதிவாகியிருக்கிறது. இப்போது அதன் மேல்தான் மண் மேடு.

இது தவறுதலாக நடந்ததா, வேறு எப்படியா என்று எனக்குத் தெரியாது, யாரையும் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. அந்த வாய்க்கால் திறக்கப்பட வேண்டும், அவ்வளவுதான். நேற்று 23 வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனு எழுதினோம். புலப்படத்தின் நகல், மதில் சுவரில் இருக்கிற மூன்று கோடுகளின் போட்டோ, மண் மேட்டின் உயரத்தை டேப் வைத்து அளந்த படம் எல்லாம் இணைத்திருக்கிறோம். கவுன்சிலர் அம்மாவிடம் காட்டினேன், ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இத அடுத்த கூட்டத்துல முதல் பொருளா வைக்கிறேன்கா, தாத்தாவையும் கூட்டிட்டு வாங்க" என்றார். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன், தாத்தாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது.