சந்தன நிறக் காலரைக் காப்பாற்ற

பழைய பங்களாப் பரணிலிருந்தோ ஏலத்திலிருந்தோ இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் கம்பெனி செய்த ஈயப் பொம்மைச் சிப்பாய்கள் கைக்கு வந்தால், முதல் வேலை அவற்றை அட்டைப் பெட்டியை விட்டு வெளியே எடுப்பதுதான். சிவப்புத் தாள் ஒட்டிய அந்தப் பெட்டிக்கும் தனி மதிப்பு உண்டு, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெட்டி ஒரு அலமாரியில், சிப்பாய் இன்னொரு அலமாரியில்.

ஈயத்தை அரிப்பது ஈரம் மட்டும் இல்லை. அட்டை, தேக்கு, பிளைவுட், எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) எல்லாமே அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். ஈரத்தோடு சேர்ந்து அது ஈயத்தைக் கரைக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதை வெள்ளைப் பொடியாக்கும். அப்போது அமிலம் மறுபடி விடுபட்டுப் பக்கத்து இடத்தைப் பிடிக்கும். அதனால்தான் தொடங்கிய அரிப்பு தானாக நிற்பதில்லை. ஊட்டிக்கு ஜூனில் பிடிக்கும் மழை, குன்னூர் கோத்தகிரிக்கு அக்டோபர் நவம்பரில் இன்னும் பலமாக வரும். அலமாரிக் கதவே உப்பி நிற்கும் மாதங்கள் அவை.

1893இல் வில்லியம் பிரிட்டன் கொண்டுவந்த முறையில் இவை உள்ளே கூடானவை. உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். சுவர் மெலிது, அதோடு காற்று போக விட்ட சின்னத் துளை வழியாக ஈரம் உள்ளேயும் இறங்கும். துப்பாக்கி முனை ஈட்டி, ஹெல்மெட் கூர், கணுக்கால், இந்த மூன்று இடத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பூசணம் பஞ்சு மாதிரி மேலே படரும், துடைத்தால் போய்விடும். ஈய அரிப்பு பெயின்ட்டுக்கு அடியிலிருந்து கொப்புளமாகக் கிளம்பும். உடைந்தால் நறநறவென வெள்ளைப் பொடி உதிரும்.

பெயின்ட் உதிர்வதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பிரிட்டன்ஸ் பட்டியலில் 16ஆம் எண் செட், பிரிட்டிஷ் ராணுவத்தின் ஈஸ்ட் கென்ட் ரெஜிமென்ட் (படைப்பிரிவு), அதாவது 'பஃப்ஸ்'. அந்தப் பெயரே காலரும் கைமடிப்பும் இருந்த பழைய சந்தனக் கட்டை நிறத்தால் (ஆங்கிலத்தில் 'பஃப்') வந்தது. ஹோவர்டு என்ற பெயரில் இரண்டு கர்னல்கள் ஒரே காலத்தில் இருந்தபோது, இந்தப் படை 'ஹோவர்டின் பஃப்ஸ்', மற்றது 'கிரீன் ஹோவர்ட்ஸ்' என்று நிறத்தை வைத்தே பிரித்தார்கள். 1881 ராணுவச் சீர்திருத்தத்தில் காலர் வெள்ளையாக மாற்றப்பட்டது, 1890இல் பழைய நிறத்தையே திரும்பப் பெற்றார்கள். 54 மில்லிமீட்டர் பொம்மையில் அந்த நிறம் ஒரு மயிர்க்கோடு அளவுதான். உதிர்ந்த இடத்தில் கைக்குக் கிடைத்த வெள்ளையைப் பூசினால் ரெஜிமென்ட்டே மாறிவிடும். மறுபூச்சு வேண்டவே வேண்டாம். பாதி உதிர்ந்த பழைய பெயின்ட் புதுப் பளபளப்பைவிட எவ்வளவோ மேல்.

வைப்பதற்குக் காற்றுப் புகாத பாலிப்ரொப்பிலீன் டப்பா போதும். நியூஸ்பேப்பர் கூடாது, அமிலமில்லாத டிஷ்யூ தாள் சுற்றுங்கள். 10 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல், துணிப்பையில். பச்சையானதும் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் திரும்ப ஆரஞ்சாகும். உள்ளே ஒரு சின்ன ஈரமானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். மானியை நம்புவதற்கு முன்னால், பாட்டில் மூடியில் உப்பு போட்டு, குழைய மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து ஒரு டப்பாவில் இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அதைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

கண்ணாடிப் பேழை செய்பவர்கள் சிலிக்கோன் வாங்கும்போது கவனிக்கணும். காயும்போது வினிகர் வாடை அடிக்கும் ரகம் அசிட்டிக் அமிலத்தை நேராகச் சிப்பாய் மேல் விடும். நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள். கணப்பு மேடை பார்க்க அழகான இடம்தான். பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வந்தால் ஈயத்தில் பனி வியர்க்கும்.

பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடும் பழக்கத்தில் இதையும் தேய்த்தால் அன்றோடு சரி, புளியும் அமிலம்தானே. நீலகிரித் தைலம் பெயின்ட்டை இளக்கும். டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் பொடியை ஒற்றி எடுங்கள், உடனே உலர்த்துங்கள். ஊறப் போடக் கூடாது, அந்தத் தண்ணீரே ஈயத்தைத் தொடும். பொடி விஷம்: ஊதாதீர்கள், கையுறை போடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

உடைந்த கழுத்துக்குப் பழைய வைத்தியம் தீக்குச்சி. அதுவும் மரம்தான், 1 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியும் துளி எபாக்ஸியும் போதும். சாதாரண சால்டரிங் அயர்ன் பக்கத்தில் வந்தால் துப்பாக்கியோடு கையும் உருகி ஓடும்.