சூட்டுக்குள் பைபர்: எங்கே உடையும், ஏன்?

கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள பொறியியல் பீடத்தில் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு இதை எடுக்க யோசிக்கிற பிள்ளைகளுக்கு. ஜெற் எஞ்சின் பாகங்களுக்குள் புதைக்கிற ஒளியியல் நார் உணரியைச் சின்னக் குழாய் உலை ஒன்றிலும் சோதிக்கலாம். நார் செய்யப்படும் கண்ணாடியான சிலிக்கா ஆயிரம் பாகை செல்சியசை ஓரளவு தாங்கும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் நம்முடைய கைதான்.

நாரின் மேலுள்ள அக்ரிலேற் பிளாஸ்ரிக் பூச்சு எரிந்து கரியாக ஒட்டும். உலைக்குள் போகும் பகுதியில் முழுக்க அகற்றுங்கள். கத்தியால் சுரண்டினால் கீறல் விழும், அந்தக் கீறலில்தான் பிறகு முறியும். கரைப்பானில் ஊறவைத்து உரிப்பது நல்லது. பிறகு விரல் படக்கூடாது: வியர்வையிலுள்ள சோடியம் சூட்டில் சிலிக்காவின் மேற்பரப்பைப் பளிங்காக்கி நொறுங்க வைக்கும். எங்கட கிணற்றுத் தண்ணியும் வேண்டாம், காய்ந்தால் உப்புப் படியும். ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடையுங்கள்.

உணரியாக வேலை செய்வது பிராக் கிறேற்றிங்: நாருக்குள் ஒளியால் எழுதிய நுண் வரிகள், ஒரு குறித்த அலைநீளத்தை மட்டும் திருப்பித் தெறிக்கும். சாதாரண கிறேற்றிங் சில நூறு பாகையிலேயே மங்கத் தொடங்கும். ஐதரசன் ஏற்றிய நாரில் எழுதியதை 900 பாகையளவில் வைத்திருந்தால், அந்த அலைநீளத்தில் தெரியும் தெறிப்பு உச்சி கிட்டத்தட்ட மறைந்து, பலவீனமாகத் திரும்பி வரும். மறைந்ததும் பழுதென்று உலையை நிறுத்திவிடாதீர்கள். கரண்ட் போகிற இடமென்றால் யூபிஎஸ் முதலில் அளவீட்டுக் கருவிக்கு. பதிவு அறுந்தால் உச்சி எப்போது திரும்பியதென்றே தெரியாது.

1550 நனோமீற்றரில் உச்சி ஒரு பாகைக்கு ஏறக்குறைய 10 பிக்கோமீற்றர் நகரும், ஒரு மைக்ரோவிகாரத்துக்கு (நீளத்தில் மில்லியனில் ஒரு பங்கு இழுபடுவதற்கு) 1.2. ஒரு பாகை பிழைத்தால் எட்டு மைக்ரோவிகாரம் பொய். ஆகவே இழுவை படாமல் வெப்பநிலையை மட்டும் காட்ட, நுண்குழாய்க்குள் தளர்வாகக் கிடக்கும் இரண்டாவது கிறேற்றிங் கட்டாயம். அந்த 10 கூட மாறிலி இல்லை, சூடு ஏற ஏறக் கூடும்; நேர்கோடு போடாமல் கே வகை வெப்ப இணை (தேர்மோகப்பிள்) காட்டும் வெப்பநிலையோடு வளைகோடாகப் பொருத்துங்கள்.

உலோகத்தில் இறுக்கி ஒட்டுவதுதான் பெரிய வில்லங்கம். நிக்கல் கலப்புலோகம் பாகைக்கு மில்லியனில் 13 பங்களவு விரியும், சிலிக்கா 0.55 மட்டும். 100 மில்லிமீற்றர் நீளத்தை 800 பாகை ஏற்றினால் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர், அதாவது நூற்றுக்கு ஒரு வீதம். புது நாரையே தொழிற்சாலையில் அந்த அளவுக்குத்தான் இழுத்துச் சோதிப்பார்கள். பூச்சு உரித்துச் சுட்ட நார் எங்கே தாங்கப்போகுது? வெப்பநிலை மட்டும் போதுமென்றால் நுண்குழாயே வழி.

நீலக்கல் நார் 2000 பாகை தாண்டித்தான் உருகும். ஆனால் ஒளியை அடக்கி வைக்கும் வெளியடுக்கு இல்லை, ஒளி பல பாதைகளில் போகும் (பல்முறை), அதனால் உச்சி அகலம். தொடக்கத்துக்கு வேண்டாம்.

நார் பொருளை விட்டு வெளியே வரும் விளிம்பில் இரண்டு துளை அலுமினாக் குழாய் போட்டு, வளைவில்லாமல் நேராக எடுங்கள். ஸ்பிளைஸ், அதாவது இரண்டு நாரை உருக்கி ஒட்டிய இணைப்பு, உலைக்கு வெளியே, குளிர்ந்த பக்கத்தில்தான். அதன் சுருங்கு உறை பிளாஸ்ரிக்.