அக்காவுக்கு ஒரு மெழுகுவர்த்தி

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் கடற்கரை ஊரில் அன்று சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்க வெளிச்சமாக இருக்கும். சாம்பிராணிப் புகை, செவ்வந்தி, உப்புக்காற்றில் அணைய அணைய மறுபடி ஏற்றுகிற மெழுகுவர்த்திகள். தாத்தா, ஆச்சி கல்லறைகளில் செபம் முடிந்ததும் அம்மா ஒரே ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே உடைமரத்தடிக்குப் போவாள். அங்கே சிலுவை கிடையாது. ஏற்றி வைத்துவிட்டு நிற்பாள். வாயைத் திறக்க மாட்டாள்.

அங்கே கிடப்பது என் அக்கா. 1966-இல் பிறந்து, இரண்டு மூச்சு விட்டு அடங்கிப்போனவள். சாகக்கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். எங்கள் ஊர் மருத்துவச்சிகளுக்கு அந்த வார்த்தைகள் மனப்பாடம். அன்று ஆச்சி அடுக்களைக்கு ஓடிச் செம்பில் தண்ணீர் மோந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்பது அப்போது நடப்பில் இருந்த 1917-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். அதனால் வேலிக்கு வெளியே. பூசை இல்லை, மணியும் அடிக்கவில்லை.

அம்மா ஏன் வாய் திறக்கவில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. மோட்சம் போகுமுன் பாவக் கறை தீரக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கு நம் செபம் உதவும். பூசை வைக்கலாம், இறந்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றி செபம் சொல்லலாம். மோட்சத்தில் இருப்பவர்களிடம் நமக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லலாம். நரகத்துக்கு எதுவும் எட்டாது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைகளோ லிம்போ என்கிற இடத்தில் இருப்பார்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அங்கே வேதனை கிடையாது, கடவுளின் முகத்தைப் பார்ப்பதும் கிடையாது. என்ன செபித்தாலும் பிள்ளை அங்கிருந்து நகரப்போவதில்லை. அம்மா எந்தச் செபத்தைச் சொல்வாள்?

பழங்காலத் திருச்சபையின் இறையியல் மேதை புனித அகுஸ்தினார் இந்தப் பிள்ளைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் லேசானது என்று எழுதினார். பல நூற்றாண்டு கழித்து வந்த இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் வேதனையே இல்லை என்றார். இருவர்மேலும் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் பால் கட்டிய மார்போடு படுத்துக் கிடந்த ஒருத்திக்கு இது போதாது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

2007 ஏப்ரலில், பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் ஒப்புதலோடு வத்திக்கானின் இறையியல் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. லிம்போ ஒருநாளும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை; இந்தப் பிள்ளைகள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்ப நல்ல காரணங்கள் உண்டு; உறுதியாகத் தெரியும் என்று சொல்ல முடியாது, ஆனால் நம்பலாம். 1992-இல் வந்த மறைக்கல்வி நூல் ஏற்கெனவே அவர்களைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைத்திருந்தது. அதற்கும் முன்னால், 1970-ஆம் ஆண்டுப் பூசைப் புத்தகத்திலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அடக்கப் பூசை வந்துவிட்டது. அக்கா நாலு வருசம் முந்திவிட்டாள்.

செய்தியைச் சொன்னபோது அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: "அப்போ இந்த நாப்பது வருசமா எம்பிள்ள எங்க இருந்தா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் மாமியார் சிஎஸ்ஐ, புராட்டஸ்டண்ட் சபை. இறந்தவர்களுக்காகச் செபிக்கும் வழக்கம் அவர்களுக்குக் கிடையாது; அதைப் பற்றி எங்களுக்குள் பலமுறை வாக்குவாதம் நடந்திருக்கிறது. ஆனால் அம்மாவின் கேள்வியைக் கேட்டதும் வேதாகமத்தை எடுத்து, தாவீது ராசாவின் பிள்ளை ஏழாம் நாளில் செத்துப்போன இடத்தை வாசித்தது அவர்கள்தான். பிள்ளை திரும்பி வரப்போவதில்லை, நான்தான் அதனிடம் போவேன் என்கிறான் தாவீது. "ராசாவே சொல்லிட்டான் மதினி. அவ இருக்க எடத்துக்குத்தான் நீங்க போவீங்க."

அந்த நவம்பரில் உடைமரத்தடியில் அம்மாவின் உதடு அசைந்தது. நித்திய இளைப்பாற்றி சொல்கிறாள் என்று நினைத்து நானும் சேர்ந்து சொல்லத் தொடங்கினேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு. இவ மோட்சத்துல இருக்கா. நமக்காக வேண்டிக்கிடச் சொல்லி இவகிட்ட கேளு."