சந்திக் கடையும் நீளக் கொப்பியும்

இங்க லண்டனில எங்கட பழைய மாணவர் சங்கத்து மலர்க்குழுக்காரர் ஒவ்வொரு வருசமும் கட்டுரை கேக்கினம், நாங்களும் அதிபர், பிரம்படி, விளையாட்டுப் போட்டி எண்டு அதையே திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறம். இந்தமுறை யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மதிலுக்கு வெளியில போறன். சந்திக் கடை. பேர்ப்பலகை இல்லாத கடை எண்டு சொன்னாலே எங்கட காலத்து ஆக்களுக்கு விளங்கும்.

இலக்கம் போட்ட பலகைக் கதவு, கடைக்காரர் காலமை ஒவ்வொண்டாக் கழட்டி அடுக்குவார். வாசல்ல வாழைக்குலை, உள்ளுக்கு அரிசிச் சாக்கு, செத்தல் மிளகாய், கருவாடு, மண்ணெண்ணெய்ப் பரல், எல்லாம் கலந்து ஒரு மணம். சாமான் சுத்துறது பேப்பர்ச் சரையிலதான். பழைய கொப்பியளை நிறைக்கு வாங்கிக் கிழிச்சுச் சரை சுத்துவார். ஒருக்காக் கச்சான் வாங்கித் திண்டு முடிச்சு விரிச்சுப் பாத்தா எங்கட வகுப்புப் பொடியன்ர கணக்குக் கொப்பி, சிவப்பு மையால "என்னை வந்து சந்திக்கவும்" எண்டு சேர் எழுதியிருக்கிறார், அண்டைக்கு இன்டர்வெல் முழுக்க அவன்ர மானம் கப்பல் ஏறிச்சுது.

அம்மாவின்ர காலத்தில சந்திக் கடையை விடக் கூட்டுறவுச் சங்கக்கடைதான் பெரிசாம். கூப்பன் அரிசி, மா, சீனி எல்லாம் அங்கதான். 70இல வந்த சிறிமாவோ ஆட்சி வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்த, வலிகாமத்துத் தோட்டக்காரர் கையில நல்லாக் காசு புழங்கினது, அதே ஆக்கள் பாணுக்கு விடியப்புறம் கியூவில நிண்டதும் அந்தக் காலம்தான். 77இல ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டார். வெங்காயம் செய்தவை தலையில கை வைச்சினம், எங்கட கடைக்காரர் ரின்மீன் அடுக்கத் தொடங்கினார்.

கடையின்ர உயிர் அந்த நீளக் கொப்பியிலதான் இருந்தது. கடன் கொப்பி. அதில ஒருத்தற்ர பேரும் இருக்காது, "புளியடி", "கிணத்தடி வீடு", "ரீச்சர்" இப்பிடித்தான். எழுதேக்கை இடக்கையால மறைச்சுக்கொண்டு எழுதுவார், பக்கத்தில நிக்கிறவன் எட்டிப் பாத்தா "தம்பி, உமக்கு என்ன வேணும்?" எண்டு ஒரு கேள்வி, அவ்வளவுதான். போயிலை வித்தா அடைப்பினம், சம்பளம் வந்தா அடைப்பினம், சிலபேர் அடைக்கவே மாட்டினம். எங்களுக்குப் படிப்பிச்ச ஆக்களிலயே ரெண்டு மூண்டு பேருக்கு அங்க கணக்கு இருந்ததாம், அது எனக்குத் தெரிஞ்சது கனகாலத்துக்குப் பிறகுதான். மனுசன் புனிதர் எண்டு நான் சொல்லேல்ல, தராசுத் தட்டில விரல் படுறதை அம்மா எத்தினையோ தரம் கண்டிருக்கிறா. ஆனா ஆற்ர வீட்டில அடுப்பெரியேல்ல எண்டது ஊரில முதல்ல தெரியிறது அவருக்குத்தான், அவற்ர வாயால அது வெளியில வந்ததில்ல.

1990 ஆனியில ஆமிக்கும் புலியளுக்கும் சண்டை திரும்பத் தொடங்க அரசாங்கத்தின்ர பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் ஒண்டும் வரேலாது. கரண்டும் இல்ல. ஜாம் போத்தலுக்க கொஞ்சம் பஞ்சை வைச்சு, அது நனையிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரி போட்டுக் கொளுத்தினதிலதான் எங்கட பேட்ச் ஓ.எல். சோதினைக்குப் படிச்சது. முந்திப் போத்தல் கணக்கில வித்த மண்ணெண்ணெயை அவர் பிறகு சின்னப் பேணியால அளந்தவர். குடாநாட்டுக்கு வாற ஆனையிறவுப் பாதை பூட்டுப்பட்ட பிறகு கிளாலிக் கடலால ராவிராவா வள்ளத்தில வந்த சாமான்தான், அதில உயிர் போன ஆக்களும் இருக்கினம், பிறகு விலையைப் பற்றி என்ன கதைக்கிறது.

95 ஐப்பசி 30, ஆமி வருகுது எண்டு எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட்டம். திரும்பிப் போன சனம் சொன்னது, கடைக்குச் சுவர் மட்டும் நிண்டதாம், கூரையும் பலகையும் இல்லையாம். மனுசன் கிடுகு வேஞ்சு திரும்பத் திறந்தார். 2002இல தெற்குக்குப் போற ஏ9 றோட்டுத் திறக்கத் தென்பகுதிச் சாமான் லொறி லொறியா வந்து குவிஞ்சுது, 2006 ஆவணியில திரும்பப் பூட்ட, சனம் குடும்ப அட்டையோட பழையபடி சங்கக்கடைக் கியூவில.

இப்ப ஊருக்குப் போற எங்கட ஆக்கள் ஃபுட் சிற்றி சுப்பர்மாக்கற் வந்துதான் சின்னக் கடையளைச் சாப்பிட்டது எண்டு கவலைப்படுகினம், அதுவும் ஃபுட் சிற்றிப் பையோட நிண்டுகொண்டு. எனக்கெண்டா அது பாதிக் கதைதான். முதல்ல கொப்பியை மூடினது வெளிநாட்டுக்கு வந்த நாங்கள். லண்டன், கனடாக் காசு மாதம் மாதம் போகப் போக, கையில காசிருக்கிற சனம் ஏன் கடனுக்குச் சந்திக் கடைக்கு வரப்போகுது, ஓட்டோ பிடிச்சு ரவுணுக்குப் போகும். மிச்சம் ஆர் எண்டா வெளியில ஆக்கள் இல்லாத வீடுகள், அவையை மட்டும் நம்பிக் கடன் குடுத்து ஒரு கடை எப்பிடி நிக்கிறது? 2009இல சண்டை முடிஞ்ச பிறகு வாழ்வாதார உதவி எண்டு பெட்டிக்கடை போட்டுக் குடுத்தவை, வாங்கினதில கனபேர் புருசனை இழந்த பொம்பிளையள், ஒரே ஒழுங்கையில மூண்டு கடை, மூண்டிலயும் அதே பிஸ்கற், அதே போன் ரீலோட் காட், ஆர் ஆரிட்ட வாங்குறது? நல்ல மனசோட குடுத்தவைதான், ஆனா ஒழுங்கையில எத்தினை வீடு எண்டு ஒருக்கா எண்ணிப் பாத்திருக்கலாம்.

2022இல காஸ், பால்மா தட்டுப்பாடு வரேக்கை மட்டும் எல்லாருக்கும் திரும்பச் சந்திக் கடை ஞாபகம் வந்தது. அப்ப கடையில இருந்தது கடைக்காரற்ர மகள். பழக்கமான பிள்ளைத்தாய்ச்சி வீடுகளுக்கு எண்டு பால்மாப் பக்கற்றை உள்ளுக்கு எடுத்து வைச்சதுக்கு "பதுக்கல்காரி" எண்டு ஏச்சும் வாங்கினவ.

இங்க கிழக்கு லண்டனில எங்கட பேட்ச்காரன் ஒருத்தனும் கடைதான் வைச்சிருக்கிறான், பால், சிகரட், லொத்தர். ஊரில இருந்து படிக்க வந்த பொடியளுக்குக் கல்லாவுக்குக் கீழ தனியா ஒரு கொப்பி. பவுண்ட் கணக்கு, பேர் இல்ல, "ஈஸ்ட்ஹாம் மேல்மாடி", "கண்ணாடி" எண்டு எழுதியிருக்கு. மலருக்கு எழுதப்போறன் எண்டன். "எழுது, ஆனா கடை எந்த றோட்டில எண்டு மட்டும் போட்டிடாத, பேந்து சங்கக் கூட்டம் முடிய எல்லாரும் இங்கதான் வந்து நிப்பாங்கள்" எண்டான்.