அப்பாவின் பிடிஎஃப்பை ஈபப் ஆக்க மூன்று இரவு

அப்பா பல வருஷத்துக்கு முன்னால் தட்டச்சு செய்து வைத்த கட்டுரைகள் ஒரே பிடிஎஃப்பாகக் கிடந்தன. கிண்டில் மின்னூல் கருவியில் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. சரி, ஆன்லைனில் ஈபப்பாக, அதாவது எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானே மடியும் மின்னூல் வடிவமாக, மாற்றிக் கொடுத்துவிடலாம், பத்து நிமிஷ வேலைதானே என்று உட்கார்ந்தேன்.

முதல் இரவு மோபி என்ற பழைய கிண்டில் வடிவத்தில் வீணானது. யாரோ எப்போதோ எழுதிய குறிப்பை நம்பி மோபியாக மாற்றி அனுப்பினால் ஏற்கவே இல்லை. கிண்டிலுக்கு அனுப்பும் வசதி 2022லிருந்தே ஈபப்பை வாங்கிக்கொள்கிறது, மோபி பக்கமே போக வேண்டாம்.

அடுத்த இரவு ஈபப். தளம் பச்சை டிக் போட்டு முடிந்தது என்றது, திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை, முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். தளம்தான் சரியில்லை என்று இன்னும் மூன்று தளங்களில் ஏற்றினேன், எல்லாவற்றிலும் அதே குப்பை. அவற்றில் ஒன்றுதான் கோப்பை 24 மணி நேரத்தில் அழிப்பதாகச் சொன்னது, மற்றவை வாயே திறக்கவில்லை. அப்பாவின் சொந்த எழுத்தை அப்படி நாலு இடத்தில் கொட்டியது இன்னும் உறுத்துகிறது. தனிப்பட்ட கோப்பு என்றால் தயவுசெய்து ஏற்றாதீர்கள், காலிபர் என்ற மின்னூல் மென்பொருள் இலவசம், உங்கள் கணினியிலேயே மாற்றிவிடும்.

ஆனால் காலிபரிலும் அதே குப்பைதான் வந்தது. அப்போதுதான் பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு! 'அம்மா' என்பது அதில் நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும்தான், பாமினி எழுத்துரு மேலே உட்கார்ந்திருக்கும்வரைதான் தமிழாகத் தெரியும். மாற்றும் கருவி அந்த எழுத்துருவை விட்டுவிட்டு அடியில் இருப்பதை மட்டும் எடுத்தது. இந்த ஒட்டிப் பார்க்கும் சோதனையை முதலிலேயே செய்யுங்கள், அரை நிமிஷம்கூட ஆகாது. ஒட்ட எதுவுமே வரவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம், அதற்குப் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் வேண்டும்.

மூன்றாவது இரவு உரையை மொத்தமாக எடுத்து, கணினியிலேயே ஓடும் ஒரு மாற்றியில் பாமினியிலிருந்து, இன்றைய கருவிகள் தமிழாகவே படிக்கும் யூனிகோடுக்கு மாற்றினேன். இங்கே ஒரு எச்சரிக்கை: நடுவில் வரும் நிஜமான ஆங்கிலச் சொற்களையும் அது தமிழ் என்று நினைத்துச் சிதைத்துவிடும், அவற்றை முன்பே குறித்து வையுங்கள். அப்புறம் பிடிஎஃப் ஒவ்வொரு வரியையும் தனிப் பத்தியாக உடைத்திருந்தது, பக்க எண்கள் வாக்கியத்தின் நடுவில் செருகியிருந்தன. அவற்றைச் சேர்த்துத் துடைக்கத்தான் அதிக நேரம் போனது. லிப்ரே ஆபீஸில் தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல் கொடுத்து டாக்எக்ஸ் என்ற வேர்ட் கோப்பாகச் சேமித்தேன், காலிபர் அதை ஈபப்பாக்கி, தலைப்புகளை வைத்துத் தானே பொருளடக்கம் போட்டது. எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும் கருவி என்றால், நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை ஈபப்புக்குள்ளேயே பதித்துவிடலாம், அதற்குக் காலிபரில் வசதி இருக்கிறது.

காலையில் கருவியை அப்பா கையில் கொடுத்தேன். எழுத்தை இரண்டு முறை பெரிதாக்கினார், வரி உடையவில்லை. நாலாவது கட்டுரையில் ஒரு ஒற்று விடுபட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார். பழைய பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தேன், அது அவரே விட்டது.