போகோட்டா போகிறீர்களா? முதலில் மஞ்சள் அட்டை

"போகோட்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டாம் சார். ஊரே 2,600 மீட்டர் உயரத்துல இருக்கு, அதைப் பரப்புற கொசு அங்க கிடையாது" என்று அடித்துச் சொன்னார் பயண முகவர். கொசு விஷயத்தில் அவர் சொன்னது சரி. ஆனால் ஊசி போட்டதற்கான சான்றிதழை, அதாவது மஞ்சள் அட்டையை, நம்மிடம் கேட்பது இந்தியா, அதுவும் திரும்பி வரும்போது. மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் கொலம்பியா முழுவதும் இருக்கிறது. அதன் தலைநகரான போகோட்டாவுக்கென்று விலக்கு இல்லை. அட்டை இல்லாமல் வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். மருத்துவரான ஒரு நண்பர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. முகவர் மீதுள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் அட்டை செல்லுபடியாகும் என்பதால் ஊசி போடும் மையத்துக்கு உடனே ஓடினேன். முன்பதிவு இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால் ஆள் கணக்குப் பார்த்துத்தான் திறக்கிறார்கள். நியாயம்தான், ஆனால் தொலைபேசியில் கேட்டபோதே இதைச் சொல்லியிருக்கலாம். அசல் பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

அடுத்த முறை ஊசி போட்டாயிற்று. அட்டையை வாங்கிப் பார்த்தால் பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. எழுத்தர் அடித்துத் திருத்தித் தரப் பார்த்தார். அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாமல் போகலாம் என்று அந்த அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது! அதைக் காட்டி, புது அட்டை எழுதி வாங்கிய பிறகுதான் நகர்ந்தேன். திரும்பி வந்தபோது விமான நிலையச் சுகாதார மேசையில் பாஸ்போர்ட்டையும் அட்டையையும் பக்கத்தில் வைத்து எண்ணைச் சரிபார்த்தார்கள். அப்போதுதான் மூச்சு வந்தது. இந்த அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும், பத்திரமாக வையுங்கள்.

விசா சிக்கலின்றி முடிந்தது. அமெரிக்கா வழியாக மலிவு டிக்கெட் கிடைத்தால் யோசியுங்கள். விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அந்த நாட்டு விசா வேண்டும். செக்-மிக் என்ற நுழைவுப் படிவத்தைப் புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். கொலம்பியக் குடிவரவுத் துறையின் தளத்தில் அது இலவசம். பணம் கேட்டால் அது வேறு யாரோ நடத்தும் தளம்.

ஊருக்குள் வழி கண்டுபிடிப்பது சுலபம். மலை எப்போதும் கிழக்கே. கார்ரேரா என்ற சாலைகள் மலைக்கு இணையாக ஓடும், காய்யே என்ற சாலைகள் அவற்றைக் குறுக்கே வெட்டும். முகவரி காய்யே 12, 5-32 என்றால், 12ஆம் காய்யேயில், 5ஆம் கார்ரேரா முனையிலிருந்து சுமார் 32 மீட்டர். இது பிடிபட்ட பிறகு யாரிடமும் வழி கேட்கவில்லை.

முதல் நாள் படியேறினாலே மூச்சு வாங்கும். 3,152 மீட்டரில் இருக்கும் மொன்செர்ராத்தே குன்றை இரண்டு மூன்று நாள் தள்ளி வையுங்கள். தங்க அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு காலை 7 முதல் மதியம் 2 வரை முக்கியச் சாலைகள் பலவற்றைச் சைக்கிளுக்கு விட்டுவிடுவார்கள், டாக்சி சுற்றித்தான் போகும். அன்று விமானம் பிடிக்க வேண்டுமென்றால் சீக்கிரம் கிளம்புங்கள். லா காந்தெலாரியா பகலில் அருமையான பகுதி. இருட்டிய பிறகு அங்கே தனியாக நடக்காதீர்கள். டிரான்ஸ்மிலேனியோ பேருந்து நெரிசலில் கைபேசியை வெளியே எடுக்கவே வேண்டாம்.