பனி எப்படி இருக்கும் என்று கேளுங்கள்

கேதார்கந்தா மலை ஏற நினைத்து சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போன் செய்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது ஒன்றைத்தான்: "சார், அந்தத் தேதியில பனி இருக்குமா?" உத்தராகண்டில் ட்ரெக் லீடராக வேலை பார்க்க ஆரம்பித்த புதிதில் இதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. பனி இருக்கிறதா என்பது போட்டோவுக்கான கேள்வி. நடப்பவருக்குத் தெரிய வேண்டியது, அந்தப் பனி எப்படி இருக்கும், எத்தனை மணி வரை அப்படியே இருக்கும் என்பது.

கேதார்கந்தாவின் உயரம் சுமார் 3,800 மீட்டர். அடிவார ஊரான சாங்க்ரி 1,900 மீட்டர் சொச்சம். டேராடூனிலிருந்து முசூரி, புரோலா, மோரி வழியாக வண்டியில் போனால் பகல் முழுக்க ஆகும். முதல் நாள் தங்கும் ஜூடா கா தாலாப் ஏரிக்கரையே நம் ஆனைமுடியைவிடக் கொஞ்சம் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஆக, சாங்க்ரி டீக்கடை வாசலில் வாளித் தண்ணீர் உறையத் தொடங்கும் இரவில், உச்சியில் மைனஸ் 12 இருக்கும். காற்றடித்தால் உடம்புக்கு அது இன்னும் கீழே தெரியும்.

நடுக்குளிர்காலம்தான் மிகக் கஷ்டமானது என்று வருகிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அப்படி இல்லை. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் 'மேற்கத்திய இடையூறுகள்' என்கிற வானிலை மாற்றங்கள்தான் இங்கே குளிர்காலப் பனியைக் கொட்டுகின்றன. அப்படி ஒன்று வந்து போன பிறகு ஜனவரியில் நாள் முழுக்கக் குளிர் நிலைத்திருக்கும். பனி உலர்ந்து மாவாக இருக்கும், முன்னால் போகிறவர் மிதித்த தடம் உடையாமல் படிக்கட்டு மாதிரி நிற்கும். முழங்கால் வரை புதைகிற இடங்கள் உண்டு, கை விரல்களும் மரத்துப்போகும். ஆனாலும் காலையில் பார்த்த பாதைதான் மதியமும் இருக்கும். அந்த மாதத்தில் எனக்குக் கவலை எல்லாம் கீழ்ப் பகுதியில்தான். புத்தாண்டுக் கூட்டத்தின் பூட்ஸ்கள் மிதித்து மிதித்து இறுகிய தடம், பைன் மர நிழலில் பகலில் லேசாகக் கசிந்து இரவில் கண்ணாடியாகிவிடும். உச்சியைத் தொட்டுவிட்டு வந்தவர்கள், சாங்க்ரி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அதில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

கஷ்டமான மாதம் மார்ச். பாதி ஏப்ரலையும் சேர்த்துக்கொள்ளலாம். இரவில் உறையும், பகலில் உருகும். ஒரே சரிவு ஒரே நாளில் மூன்று பாதைகளாக மாறும். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பும்போது மேற்பரப்பு கல்லாக இறுகியிருக்கும். பூட்ஸ் மேல் மாட்டும் பல் வைத்த சங்கிலியான மைக்ரோ ஸ்பைக்ஸின் பற்கள் 'கரக் கரக்' என்று கடித்துக்கொண்டு போகும். வேகமாக நடக்கலாம். விடிந்து, ஸ்வர்காரோகிணி சிகரத்துப் பக்கமிருந்து வெயில் ஏறி இரண்டு மணி நேரம் ஆனால் போதும், மேலே அப்பளம் போல ஓர் ஓடு மட்டும்தான் மிச்சம் இருக்கும். நாலு அடி தாங்கும், ஐந்தாவது அடியில் தொடை வரை உள்ளே போகும். இன்னும் நேரம் போனால் ஈரப்பனி ஸ்பைக்ஸ் சங்கிலிக்குள் உருண்டை கட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தப் பற்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை. குச்சியால் பூட்ஸைத் தட்டித் தட்டி உருண்டையை உதிர்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் சாங்க்ரி பக்கத்துக் கிராமத்துக்காரரான ஒரு வழிகாட்டி. கட்வாலில் அண்ணனை அழைப்பதுபோல அவரை நான் பைஜி என்றுதான் கூப்பிடுவேன். திறந்த சரிவுக்குள் நுழையும் முன் கைத்தடியைத் தலைகீழாகத் திருப்பி, பிடிப் பக்கத்தால் பனியை அழுத்திப் பார்ப்பார். கூர்முனை எதிலும் இறங்கிவிடும் என்பதால் அதை நம்ப மாட்டார். பிடி இரண்டு விரல் ஆழத்தில் நின்றால் நடக்கலாம். கை மணிக்கட்டு வரை போனால் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு மார்ச் மாதக் காலையில், ஈரோட்டிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா உச்சியில் இன்னும் அரை மணி நேரம் இருக்கலாமே என்று கேட்டார். அவ்வளவு தூரம் வந்தவர், கேட்டதில் தப்பே இல்லை. பைஜி இந்தியில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: "டீயைக் கீழே குடிக்கலாம்மா. இந்தப் பனி நமக்காகக் காத்திருக்காது." அக்காவுக்கு வருத்தம்தான். இறங்கும் வழியில், எங்களுக்குப் பின்னால் தாமதமாகக் கிளம்பிய வேறொரு குழு அதே சரிவில் இடுப்பளவு புதைந்து ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்ததைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் கடைசி வாரம் இதற்கு நேர் எதிர். பனியே இல்லை, சும்மா நடைதான் என்று ஸ்பைக்ஸை ரூமிலேயே வைத்துவிட்டு வருவார்கள். ஓடைக் கசிவு பாறை மேல் மெல்லிய படலமாக உறைந்திருக்கும். அதன் மேல் ஓக் இலைகள் உதிர்ந்து மூடியிருக்கும். டார்ச் வெளிச்சத்தில் வெறும் சருகுதான் தெரியும். வெள்ளையாகக் கண்ணில் படும் பனியைவிட இது எனக்குப் பயம் தருகிறது.

பனி இல்லாவிட்டால் சுலபம் என்ற எண்ணத்தை ரூபின் கணவாய் சுத்தமாக உடைத்துவிடும். 4,650 மீட்டர் உயரம்; உத்தராகண்டில் தொடங்கி இமாச்சலில் இறங்கும் வழி. உச்சிக்கு முன்னால் செங்குத்தான ஒரு குறுகிய பள்ளம் வரும். மே, ஜூனில் அது முழுக்கப் பனி நிரம்பியிருக்கும். வழிகாட்டிகள் பனிக்கோடரியால் படி வெட்டிக்கொண்டே போவார்கள், பின்னால் வருகிறவர் அதில் கால் வைத்து ஏறலாம். செப்டம்பரில் அதே பள்ளத்தில் வெறும் கல்லும் சரளையும். இரண்டடி ஏறினால் ஓரடி சரியும், மேலே இருப்பவர் கால் பட்ட கல் கீழே இருப்பவர் தலைக்கு வரும். கீழே ஆற்றோரத்தில் நிலைமை தலைகீழ். கோடையின் தொடக்கத்தில் ஆற்றை மூடியிருக்கும் பனிப்பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடி ஓடி அதை மெலிதாக்கிக்கொண்டே இருக்கும், நேற்று தாங்கியது இன்று தாங்கும் என்று சொல்ல முடியாது. செப்டம்பரில் அந்தத் தொல்லை இல்லை.

மழைக்காலத்தில் இந்தப் பக்கம் நான் அதிகம் வேலை செய்வதில்லை. மலர்ப் பள்ளத்தாக்கு நன்றாகப் பூப்பது ஜூலை, ஆகஸ்டில்தான். ஆனால் நடையைவிட, மண்சரிவில் சாலை எங்கே மூடும் என்பதே அப்போது பெரிய கவலை.

மே மாதத்து மோரி, புரோலா பக்கத்துப் பைன் காடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காய்ந்த ஊசியிலைகள் சரிவில் கணுக்கால் வரை கிடக்கும். அதில் பூட்ஸ் வழுக்குவது ஒருபுறம், தீப்பொறி விழுந்தால் சரிவு முழுக்கப் பற்றும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததை மறக்க முடியுமா? காய்ந்த புல்லும், மேல்நோக்கி ஓடும் தீயும், தெரியாத பாதையும் சேர்ந்து அத்தனை பேரைக் கொண்டுபோயின. தீ மேட்டைப் பார்த்து வேகமாக ஏறும் என்பதை எங்கள் குழுக்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

தேதியை வைத்து நிலைமையைச் சொல்வதும் கடினமாகிக்கொண்டு வருகிறது. 2024 ஜனவரியில் பனிக்குப் பேர்போன காஷ்மீர் குல்மர்க்கே பனியில்லாமல் கிடந்தது. அதே வருடம் ஜூன் தொடக்கத்தில், காலண்டர்படி நல்ல கோடையில், உத்தரகாசி மாவட்டத்தின் சஹஸ்த்ர தால் பாதையில் கர்நாடகத்திலிருந்து சென்ற குழு பனிப்புயலில் சிக்கி ஒன்பது பேர் இறந்தார்கள். உயரத்தில் கோடை என்பது மாதக்கணக்கு இல்லை, மணிக்கணக்கு.

அதனால்தான் எனக்கு விளம்பரங்களின் மேல் கோபம் வருகிறது. முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனம் கேதார்கந்தாவுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை 'சுலபம்' என்ற ஒரே வார்த்தையைத்தான் போட்டிருந்தது. அந்த வார்த்தையை நம்பி மார்ச் மாதம் காட்டன் சாக்ஸோடு வருபவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இப்போது ஒவ்வொரு குழு கிளம்பும் முன்பும், இறங்கி வந்த குழுவின் வழிகாட்டியிடம் கேட்டு நானே ஒரு குறிப்பு அனுப்புகிறேன். எந்த உயரத்திலிருந்து பனி தொடங்குகிறது, எத்தனை மணிக்கு இளகுகிறது, எந்த ஓடை உறைந்திருக்கிறது, உச்சியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும். மார்ச் என்றால், பனி பூட்ஸுக்குள் போகாமல் காலில் கட்டும் உறையான கெய்ட்டரும் கூடுதலாக இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் கட்டாயம். அதைப் படித்துவிட்டுச் சிலர் பயணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். அவர்களுக்கு அடுத்த ஜனவரியில் இடம் எடுத்து வைக்கிறேன்.